நீங்கள் பார்த்த நட்சத்திரம் எது?

நமுனுகுல
23.02.2025

அன்புள்ள சக்திக்கு,

நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம். நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனைக் கும்பிடுகிறேன். மாலை வகுப்பு முடிந்து வரும் ஆறு பிள்ளைகளையும் இன்னும் என் ஆட்டோவில்தான் ஏற்றி வருகிறேன்.

நேற்று ஒரு விசேஷம். வானத்தைப் பார்த்து எழுதிவரும்படி அனுஜாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் சாக்குப் படங்கை விரித்து மூன்று பேரும் மல்லாந்து படுத்தோம். பனிமூட்டம் இல்லை. மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் நிற்பதாக அனுஜா சொன்னாள். சிவப்பாக ஒன்று இருக்கிறதென்று சின்னவள் குதித்தாள். "அம்மா வேலை செய்ற வீட்டுக்கு மேலயும் இது தெரியுமாப்பா?" என்று கேட்டாள். நீ இல்லாததுதான் குறை. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
தயாபரன்

தெஹிவளை
27.02.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. ஞாயிறு போன் பேசும்போது பிள்ளைகள் பக்கத்தில் நிற்பார்கள், அதனால் எழுதிக் கேட்கிறேன். உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். அனுஜா பார்த்தது இருக்கிறது, சின்னவள் பார்த்தது இருக்கிறது. நீங்கள் பார்த்த நட்சத்திரம் எது?

உங்கள் அப்பாவுக்கு நாற்பது வயதில் மாலைக்கண் வந்ததென்று நீங்கள்தான் சொன்னீர்கள். உங்களுக்கு இப்போது நாற்பத்தொன்று. தீபாவளிக்கு வந்தபோது, விளக்கு வைக்கிற நேரம் வாசற்படியை நீங்கள் காலால் தடவியதைப் பார்த்தேன். கேட்காமல் விட்டது என் பிழை. ஆட்டோவில் ஆறு பிள்ளைகள், ரோட்டுக்கு ஒரு பக்கம் பள்ளம். உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள்,
சக்தி

நமுனுகுல
03.03.2025

சக்தி,

பதினாலு வருஷமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறேன். ஒரு கீறல் இல்லை. கொழும்பில் இருந்துகொண்டு என் கண்ணைப் பரிசோதிக்காதே. நட்சத்திரத்தின் பேர் தெரியாததால் எழுதவில்லை, அவ்வளவுதான். நம்பிக்கை இல்லாவிட்டால் அனுஜாவைக் கேள். தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வருகிறாள்.

தயாபரன்

தெஹிவளை
09.03.2025

அத்தான்,

இன்று கேட்டேன். "அப்பாவுக்கு நல்லா தெரியுதும்மா" என்றாள், பாடமாக்கி வைத்த மாதிரி. பிறகு, "நாந்தான் பக்கத்துல இருந்து சொல்லிக்கிட்டு வாறேனே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். எந்த வளைவு, எங்கே பள்ளம், யார் ஓரமாக நடக்கிறார்கள், எல்லாம் அவள்தான் சொல்கிறாளாம். அன்றைக்கு வானத்தில் எங்கே பார்க்கவேண்டும் என்றும் உங்கள் காதில் அவள்தான் சொன்னாளாம், சின்னவளுக்குத் தெரியாமல். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அத்தான். ஒரு நாள் அவள் கண் அயர்ந்தால்?

ஆட்டோ நின்றால் நான் இன்னும் எத்தனை வருஷம் இங்கே கிடப்பேனோ என்ற பயம்தான் உங்களை மறைக்க வைத்தது. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கடிதம் வந்து சேரும்வரை பொறுக்க என்னால் முடியவில்லை. ஸைனப் அக்காவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பிள்ளையும் உங்கள் ஆட்டோவில்தானே வருகிறது. என்னோடு பேசாமல் போனாலும் போங்கள்.

சக்தி

நமுனுகுல
13.03.2025

சக்திக்கு,

திங்கட்கிழமை வகுப்பு வாசலில் ஸைனப் அக்காவும் அவர் வீட்டுக்காரர் ஸரூக்கும் நின்றார்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "தம்பி, சாவியத் தாங்க" என்று மட்டும் ஸரூக் சொன்னார். பிள்ளைகளை அவரே ஏற்றிப் போனார். அத்தனை பேர் முன்னால் மானம் போயிற்று. அந்த நேரம் நீ எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நாளை பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டுகிறேன்.

அனுஜா ஆட்டோவில் ஏறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தாள். இரண்டு மைல். யாரோ ஒருத்தி பென்சிலை ஒளித்து வைத்தது, சங்கீத டீச்சர் கோபத்தில் தும்மியது, தனக்கு நீளப் பாவாடை வேண்டும் என்பது, வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். தீபாவளிக்குப் பிறகு வரும் வழியெல்லாம் அவள் என்னிடம் பள்ளம், வளைவு தவிர வேறு எதுவும் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது சக்தி.

தயாபரன்