எலுமிச்சைத் தோட்டத்துக்கு வாங்கிய ஃபோம்

இன்று மகனோடு மெத்தைக் கடைக்குப் போனேன். ஃபோம் சுருள்களின் ரப்பர் வாடை வாசலிலேயே முகத்தில் அடித்தது. நண்பர்களோடு மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறானாம். விலை குறைந்த படுக்கை ஒன்று வேண்டுமாம். ஒரு துண்டைத் தரையில் விரித்து ஒருக்களித்துப் படுத்தவன், "உறுத்துதும்மா" என்றான்.

"எங்க? எந்த இடத்தில? காட்டு" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"தரைதாம்மா தட்டுது. இதுக்கு ஏன் இப்படிப் பதறுதிய?"

அவனுக்குச் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

அதே கடையில், அதே தரையில்தான் நீயும் படுத்துப் பார்த்தாய். யோசனையும் உன்னுடையதுதான். "ஏட்டி, பள்ளிக்கூடத்துல இருந்து சொல்லிக்கிட்டே இருக்கோம். வாசுதேவநல்லூர்ல எங்க அண்ணன் எலுமிச்சைத் தோட்டம் சும்மாதான கெடக்கு? ஒரு ராத்திரி வெட்டவெளியில படுத்து எந்திரிப்போம். வீட்டுக்காரர்கிட்ட கேக்கணும்னு இனி சொல்ல முடியாது, அவரும் போயிட்டாரு" என்றாய். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் அத்தோடு பேச்சை நிறுத்தியிருப்பேன். நீ சொன்னதால் சிரித்தேன்.

கடையில் நான் காற்றடிக்கிற மெத்தையைக் கேட்டேன். தரையில் படுத்து எனக்குப் பழக்கமில்லை.

"எலுமிச்சை முள்ளு ஒண்ணு போதும்ட்டி, உஸ்ஸுன்னு போயிரும். ஒன் கெத்தும் சேந்து போயிரும்."

விரல் தடிமனில் சாம்பல் நிற ஃபோம் ஒன்றின் மேல் கடைக்காரர் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. அதை எனக்கு எடுத்துக்கொண்டேன்.

உனக்குத்தான் எதுவும் அமையவில்லை. அந்தச் சாம்பல் ஃபோம் உறுத்துகிறது என்றாய். இரண்டாக மடித்துப் போட்டார்கள். அதுவும் உறுத்துகிறது என்றாய். கான்வென்ட் விடுதியில் வெறும் சிமெண்டுத் தரையில் தாவணியை விரித்துப் படுத்து, காலை மணி அடித்தும் எழாதவள் நீ.

"ஃபோம் எப்படி உறுத்தும்? கல்லும் முள்ளும்தான் உறுத்தும். அழுத்துகிறது என்று சொல்" என்று திருத்தினேன். கன்னியாஸ்திரிகள் பழக்கிய நாக்கு.

"எனக்கு உறுத்தத்தான்ட்டி செய்யுது" என்றாய், மெதுவாக.

கடைக்காரர் பொறுமை இழந்தார். "யக்கா, இதுக்கு மேல தடியா வேணும்னா கல்யாண மெத்தைதான் எடுக்கணும்."

"மாப்பிள்ளையும் சேத்துத் தருவியளா அண்ணாச்சி?"

கடையே சிரித்தது. இருந்ததிலேயே தடிமனான, மிருதுவான வெள்ளை ஃபோமை நீ எடுத்துக்கொண்டாய். அதுவும் மலிவுதான்.

மழை விட்டதும் போவதாக இருந்தோம். மழை விடுவதற்குள் உன் அண்ணன் கூப்பிட்டார். சிவகிரி வீட்டில் நீ படுத்திருந்த கட்டிலில், விரிப்புக்கு அடியில் அந்த வெள்ளை ஃபோம் தெரிந்தது.

"இங்கனயே கேம்ப் போட்டுட்டேன்ட்டி. கோவிச்சுக்கிடாத."

புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவிப் பல மாதமாகிறது என்று வாசலில் வைத்து அண்ணன் சொன்னார். கடைக்கு வரும்போதே உனக்குத் தெரியுமாம்.

நீ சொன்னதுதான் சரியான சொல். ஃபோம் உறுத்தவில்லை, உன் எலும்பு உள்ளேயிருந்து உறுத்தியது. நான் சொல்லைத் திருத்தினேன், எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? ஆனாலும் உன் முகத்தைச் சரியாகப் பார்த்திருப்பேன். மழையாவது ஒன்றாவது என்று அன்றைக்கே ஒரு கார் பிடித்து உன்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போயிருப்பேன். அந்த ஒரு ராத்திரியாவது நமக்குக் கிடைத்திருக்கும்.

மகனை அனுப்பிவிட்டு, பரணில் இருந்த உன் ஃபோமை எடுத்து விரித்தேன். இடுப்பு கிடந்த இடத்தில் ஒரு பள்ளம், இன்னும் எழும்பவில்லை. அதன் மேல் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். அந்தப் பள்ளத்துக்குள் என் இடுப்பு அடங்கவில்லை. அவ்வளவு மெலிந்திருந்திருக்கிறாய்.

போனவர்கள் படுத்த படுக்கையை வீட்டில் வைக்கக் கூடாது என்று, உன் காரியம் முடிந்த அன்று அதைத் தெருவில் போட எடுத்தார்கள். எல்லார் முன்னிலையிலும் கை நீட்டி, கேட்டு வாங்கி வந்தேன். இன்னும் வைத்திருக்கிறேன்.