வெள்ளை வேனை நீலமாக்கின சேதி

ராஜபாளையம்
14.9.97

அன்புள்ள மகன் சமுத்திரத்துக்கு அய்யா எழுதிக்கொள்வது. இங்க நானும் ஒங்கம்மாவும் தங்கச்சியும் நல்ல சொகம். நீயும் பம்பாயில சொகமாத்தான் இருப்பே, அதுல எனக்குச் சந்தேகமில்ல. சந்தேகம் வேற, சொல்லுதேன். செண்பகத்தோப்புப் பக்கம் ரெண்டு நாளா மழை, இங்க தூத்தலோட சரி. தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டுருச்சு, மில்லுக்குப் போய் வாரா.

சித்திரையில வந்த கடுதாசியில ஒரு துண்டு ஸ்டிக்கர் வச்சிருந்தேல்ல, கலர்த் தாளுக்கு மேல கண்ணாடி மாதிரி மெல்லிசா பிலிம் ஒட்டினது, வெயிலு மழைக்கு அசையாதுன்னு. முப்பது வருசமா வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கவன் நான், லேசில நம்புவேனா. மில்லு வேன் கதவுல ஒட்டிப் பாத்தேன். இந்தா ஆவணியே முடியப்போகுது, சோப்புப் போட்டுத் தேச்சாலும் நகத்தால கீறினாலும் மங்கவேயில்ல. நாலு நாளைக்கு முந்தி மத்தியானச் சூட்டுல ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன், வாழைப்பழத் தோலு மாதிரி வந்துருச்சு. உள்ள நான் அடிச்ச பெயிண்டு அன்னைக்கு அடிச்சாப்பல மினுங்குது. அதைப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கல.

ஏலே, சோப்புக் கம்பெனி வேனுக்கு விளம்பரம் ஒட்டுதோம்னே, சரின்னேன். இப்ப வந்த கடுதாசியில என்ன எழுதியிருக்கே? வெள்ளை வேன் ஒண்ணு வந்துச்சு, மூணே நாள்ல ஸ்டிக்கர் ஒட்டி முழுசா நீலமாக்கிட்டோம், ஓனர் மூஞ்சியைக்கூட நாங்க பாக்கல, ஆளு விட்டு எடுத்துக்கிட்டாரு, எங்களுக்கு ஆளுக்கொரு வாட்ச் குடுத்துவிட்டாருன்னு. பெருமை வேற! நேர்மையான வண்டின்னா மூஞ்சியைக் காட்டுறதுக்கு என்ன கேடு? காரியம் முடிஞ்சதும் உரிச்சுப்போட்டா பழையபடி வெள்ளை வேனு. ஆர்.சி. புக்கைப் பாத்தியா? ஒங்க மொதலாளி பாத்தாரா? பாக்கலன்னா அவருக்கும் இதுல பங்கு இருக்குன்னுதான் நான் சொல்லுவேன்.

ஒங்களுக்கு எதுலதான் சந்தேகமில்ல, பிள்ளையை நிம்மதியா விடுங்கன்னு ஒங்கம்மா சடைக்கிறா. நான் ஏன் இப்படி ஆனேன்னு அவளுக்குத் தெரியும். ஒனக்குத்தான் சொன்னதில்ல. நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கையில அய்யா திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்காகன்னு சொன்னாளே, பதினோரு நாளு. நான் திருப்பூரைக் கண்ணால கண்டதில்ல. சேத்தூர்க்காரன் ஒருத்தன் கொண்டாந்த பச்சை டெம்போவுக்கு மஞ்ச அடிச்சுக் குடுத்தேன். அவசரம்னான், யாரு வண்டின்னு நானும் கேக்கல. களவு வண்டி. அவன் ஓடிட்டான், பெயிண்ட் அடிச்சவனைப் பிடிச்சு லாக்கப்புல வச்சுட்டாக. வெளிய வந்த அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல ஒரு பனியன் வாங்கி, திருப்பூர்ல இருந்து வாங்கியாந்தேன்னு ஒனக்குக் குடுத்தேன். நீ அதைப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் பூரா எங்கய்யா எங்கய்யான்னு சொல்லிட்டு வந்தே.

அந்த வாட்சைக் கட்டாதே. கேக்க வேண்டியதைக் கேளு, மொதலாளி முறைச்சா அன்னைக்கே ரயில் ஏறிரு, இங்க கஞ்சி குடிச்சாலும் நிம்மதியாக் குடிக்கலாம். ஆர்.சி. புக்கைப் பாத்தேன், பாக்கல, ரெண்டுல ஒண்ணை ஒன் கையால எழுது. நம்ம அய்யனாரு ஒனக்குத் தொணையிருக்கட்டும். நாளைக்கு ஒனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும், அதுக்கு நீ பொய் சொல்லிப் பனியன் வாங்கிக் குடுக்கக்கூடாது ராசா.

இப்படிக்கு,
ஒன் அய்யா
சங்கையா