முன்சீட்டு மரியாதை

உத்திரமேரூர்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பு மகன் வசந்த்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆடும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் சரிம்மா, மீட்டிங்கும்மா என்கிறாய். நீ வைக்காவிட்டால் நானே வைத்துவிடுகிறேன், உன் வேலை கெட்டுவிடப் போகிறதே என்று. நம் காலனி ஜான் லீவு முடிந்து வியாழக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். எட்டாவதோடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், கடைசி வரை படி.

இந்த வருடம் நல்ல மழை, ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிறது, காலனி ஜனங்கள் எல்லாம் சாயங்காலமானால் அங்கே மீன் பிடிக்கப் போய்விடுகிறார்களாம். நீ ரோட்டு மேல் கட்டிக்கொடுத்த வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, அந்தக் கவலை உனக்கு வேண்டாம். மோட்டார்தான் நடுவில் மக்கர் பண்ணியது, ஆள் வந்து சரிசெய்து போனான். டைல்ஸ் ஈரத்தில் வழுக்குகிறது என்று கோணிப்பை போட்டு வைத்திருக்கிறேன், நீ வரும்போது எடுத்துவிடுவேன், திட்டாதே. ஆடு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடா. பக்கத்து மனைக்காரர் சென்னையில் இருக்கிறார், கல் நட்டுவிட்டுப் போனதோடு சரி, அவர் மனையில் முள்ளுச்செடி என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. எதிரே ரோடு, பின்னால் வயல். சாயங்காலம் கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலைவரை நான் பேசுவது ஆட்டோடுதான், அதுவும் இப்போது குட்டி போட்ட திமிரில் என்னை மதிப்பதில்லை.

போன வாரம் நீ சொன்ன விஷயத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்குக் கீழே குடோனில் வேலை செய்யும் ஆரணிக்காரர் பாண்டுரங்கன் நன்றாக உழைக்கிறார், அவருக்கு ஏதாவது பாராட்டு செய்யச் சொல்லிக் கம்பெனி உன் பொறுப்பில் விட்டிருக்கிறது என்றாய். ஆறு பேர் இருக்கும் ரூமிலிருந்து அவரை எடுத்துத் தனி ரூம் கொடுக்கப் போகிறேன், அவருக்கே தெரியாது, திடீரென்று சாவியைக் கையில் கொடுத்து அசத்தப் போகிறேன் என்றாய். நல்ல மனசு நைனா உனக்கு என்று நானும் சொன்னேன். போனை வைத்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆயுத பூஜை அன்று எனக்கு எங்கள் கையுறைக் கம்பெனியில் பரிசு கொடுத்தார்களே, போட்டோ பார்த்து நீ கூட ஸ்டேட்டஸ் வைத்தாயே, அந்தக் கதையில் நான் உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. வருடம் முழுக்க ஒரு லீவுகூடப் போடாதவள் என்று கேன்டீனில் மைக் வைத்துக் கூப்பிட்டார்கள். எங்கள் மேனேஜர் தமிழ்வாணன் சார் பொன்னாடை போர்த்தி, ஹாட்பாக்ஸ் கொடுத்து, கம்பெனியைத் தன் வீடாக நினைக்கிற தேவகி அம்மா என்று பேசினார், கையுறை தைக்கிற அத்தனை பேரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷம்தான். ஏன் லீவு போடவில்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. உன் அப்பா போய்ச் சேர்ந்து, நீயும் விமானம் ஏறிய பிறகு, லீவு போட்டு இந்த வீட்டில் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன்? காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறேன். வேனில் ஏறினால் மனுஷர் பேச்சு காதில் விழும், அதற்காகப் போனேன்.

அந்த மைக்கிலேயே சார் இன்னொன்றும் சொல்லிவிட்டார். இனிமேல் கம்பெனி வேனில் டிரைவர் பக்கத்து சீட் தேவகி அம்மாவுக்குத்தான், வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது, இது நாங்கள் அவருக்குச் செய்யும் மரியாதை என்று. எல்லாரும் மறுபடி கை தட்டினார்கள். எனக்குத்தான் பின்சீட்டு நினைவுக்கு வந்தது. அந்த வேனில் கடைசி நீள சீட்டில்தான் நானும் மேரியும் ஜெயப்பிரியாவும் ஏஞ்சலும் உட்காருவோம், உனக்குத் தெரியுமே. மேரி டிபன் பாக்ஸைத் திறந்தால் நாலு கை அதில் இருக்கும். ஏஞ்சல் கனகாம்பரம் கட்டிக்கொண்டே வருவாள், வாலாஜாபாத் வருவதற்குள் எல்லார் தலையிலும் ஏறிவிடும், எனக்கு வேண்டாம் என்றால் என் பையின் காதிலாவது சுற்றிவிடுவாள். யார் மாமியார் என்ன சொன்னாள், யாருக்கு ஏலச்சீட்டு விழுந்தது, எல்லாம் அங்கேதான். திரும்பி வரும்போது தென்னேரி தாண்டினால் மேரி தோளில் தலை வைத்துத் தூங்கிவிடுவேன், நம் ஊர் வந்ததும் அவளே எழுப்புவாள்.

இப்போது முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு போகிறேன். டிரைவர் பெருமாள் நல்ல மனுஷன், ஆனால் ஸ்டியரிங் பிடித்தால் வாய் திறக்க மாட்டான். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டு நான் திரும்பினால், யக்கா அப்டி திரும்பாத, கண்ணாடி மறைக்கிது என்பான். முதல் நாள் ஜெயப்பிரியா, மேனேஜரம்மா வந்துட்டாங்கோ, அல்லாரும் வாய மூடிக்கினு குந்துங்க என்று கிண்டல் பண்ணினாள், நானும் சிரித்தேன். போகப் போக நிஜமாகவே வாயை மூட ஆரம்பித்தார்கள். ஓவர்டைம் பற்றிக் குறை பேசிக்கொண்டிருப்பார்கள், நான் ஏறினதும் பேச்சு நின்றுவிடும். நான் ஆபீசில் போய்ச் சொல்லிவிடுவேனாம். என் இடத்தில் மானாம்பதியிலிருந்து வரும் ஒரு புதுப் பெண்ணும் உட்கார்ந்துவிட்டாள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் பெருமாளே வாயைத் திறந்து, மேரியக்கா வூட்டுக்காரு செங்கல்பட்டு ஆஸ்பத்திரில கீறாரே, நீ போயி பாக்கலியா என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமுவேலுக்கு மஞ்சள் காமாலை முற்றி அட்மிட் பண்ணி, ஜெயப்பிரியாவும் ஏஞ்சலும் மாற்றி மாற்றிச் சோறு கொண்டு போயிருக்கிறார்கள், பின்சீட்டில் மேரி தினமும் அழுதுகொண்டு வந்திருக்கிறாள், அதே வண்டியில் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். காலனியில் பழைய வீட்டில் இருந்தபோது சுவருக்குச் சுவர் அவள், ராத்திரி அவர் இருமினால் எனக்குக் கேட்கும். டீ நேரத்தில் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். நீ முன்னால குந்திக்கினு போற, உனுக்கு இன்னாத்துக்கு பேஜாருன்னு சொல்லல யக்கா என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஆறியிருப்பேன், நிஜமாகவே அப்படி நினைத்துச் சொன்னாள். இப்போது சாமுவேல் வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கிறார், பயமில்லை.

அன்றைக்கே தமிழ்வாணன் சார் ரூமுக்குப் போனேன், எனக்கு என் பழைய இடத்தைக் கொடுங்கள் என்று கேட்க. நான் கேட்பதற்கு முன்னால் அவரே எழுந்து நின்று, அம்மா, முன்சீட் வசதியா இருக்கா என்று கேட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், தன் கையால் செய்த நல்ல காரியமாச்சே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரொம்ப வசதியா கீது சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். படியிறங்கும்போது என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், பாண்டுரங்கனுக்கு ரூமை மாற்றிவிட்டு அப்புறம் வசதியா என்று கேட்காதே, வசதி என்றுதான் சொல்வார். முன்னாலேயே கேள். அவரோடு ஒரு நாள் அந்த ஆறு பேர் ரூமிலேயே உட்கார்ந்து சாப்பிடு, அங்கே அவர் யார் தட்டில் கை வைக்கிறார் என்று பார். தனி ரூம்தான் வேண்டும் என்றால் தாராளமாகக் கொடு, அவர் மனசு எனக்கென்ன தெரியும். ஒருவேளை ஊருக்குப் போக நாலு நாள் கூடுதல் லீவு கேட்பார், ஒருவேளை அவர் நன்றாக வேலை செய்கிறார் என்று மற்றவர் முன்னால் நீ ஒரு வார்த்தை சொன்னாலே போதும் என்பார். கேட்டால்தானே தெரியும்.

இதை எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ கேட்கிறாய், வீடு வசதியா இருக்காம்மா என்று. ரொம்ப வசதி என்கிறேன். நீ வெயிலில் நின்று கட்டிய வீடு, அம்மா ஷீட் வீட்டில் கிடக்கக் கூடாது என்று கட்டியது, உன் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. நீயும் என்னை முன்சீட்டில்தான் உட்கார வைத்துவிட்டாய் கண்ணு. இங்கே என்னால் இருக்க முடியவில்லை. பொங்கலுக்கு வந்து மேல் மாடி போடப் போகிறேன் என்கிறாயே, வேண்டாம். காலனி வீடு பூட்டித்தான் கிடக்கிறது, மேரி அதில் விறகு அடுக்கி வைத்திருக்கிறாள், ஷீட்டை மட்டும் மாற்றிக் கொடு, நான் அங்கே போய்விடுகிறேன். இந்த வீடு உனக்குக் கல்யாணம் ஆகி வரும்போது இருக்கட்டும், நான் தினமும் வந்து பெருக்கி வைக்கிறேன்.

நாளைக்கு வேனில் பின்பக்கம் போய்த்தான் ஏறப் போகிறேன். சார் கோபித்தால் கோபிக்கட்டும், இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவேன். மானாம்பதிப் பெண்ணை எழுந்திருக்கச் சொல்ல மாட்டேன், அவளுக்கும் பேச்சுத்துணை வேண்டும். நீள சீட்தான், நெருக்கி உட்கார்ந்தால் ஐந்து பேர் கொள்ளும்.

நீ நோய்நொடி இல்லாமல், உன்னை நம்பி இருப்பவர்கள் உன்னை வாழ்த்தும்படி நன்றாக இருக்க வேண்டும், எல்லையம்மன் உனக்குத் துணையிருப்பாள். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே, பாண்டுரங்கனுக்கும் கொடு. அடுத்த தடவை போன் பண்ணும்போது வசதியா என்று கேட்காதே, இன்றைக்கு யாரோடு பேசினாய் என்று கேள்.

இப்படிக்கு,
இன்றுவரை முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா,
தேவகி