நான் எழுதிய கிணறு

டிசம்பர் 3, புதன்

ஆறு வருஷத்துக்கு முன்னால், இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊர்க் காளிகாட் பகுதியின் சந்து ஒன்றைப் பற்றி எழுதினேன். கட்டுரை ரொம்பச் சின்னதாக இருந்ததால், அங்கே ஒரு கிணறு இருந்ததாகச் சேர்த்துவிட்டேன். சுத்தப் பொய். மனசு உறுத்தி இப்போது நீக்கினால், அதே தளத்தில் எழுதுகிற தீபுதா, கிணறு நிஜம் என்று நம்பி, விடாமல் திரும்பச் சேர்க்கிறார். புளுகியது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வாரமாகச் சண்டை.

"எதுக்கு வம்பு? நேர்லயே போய்க் கேட்டுடலாம்" என்றார். இன்று சாயங்காலம் சேர்ந்தே போனோம்.

சந்து முனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேட்டோம். "கிணறா? சின்ன வயசுல அதுலதான் தண்ணி எடுப்போம்" என்றார். தீபுதா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு எரிச்சல். கட்டுரையைப் படித்த யாராவது இந்த ஆளிடம் சொல்லியிருப்பார்கள்.

"கிணத்துச் சுவத்துல ஒரு குழந்தையோட கை பதிஞ்சிருக்கும்" என்றார் அவர்.

அந்தக் கையையும் நான் அன்றைக்கு எழுதியிருந்தேன். ரொம்ப மிகையாக இருக்கிறது என்று, சேமிக்கும் முன்பே அழித்துவிட்டேன். அதை யாரும் படித்திருக்க வழியே இல்லை.

"என் கைதான்" என்று உள்ளங்கையை விரித்து என்னிடம் நீட்டினார்.

நான் தொடவில்லை.