மீனுக்கு ஆள் அனுப்ப வேண்டாம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே குளிர் அதிகம் என்று சொன்னீர்களே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் நான் அழுதுவிடுகிறேன். நீங்களும் சரி அத்தை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. அழுகிறவளிடம் யார்தான் என்ன பேசுவார்கள்? எழுதும்போது அழுகை வந்தால் துடைத்துக்கொண்டு மேலே எழுதலாம். என் எழுத்தின் லட்சணம் உங்களுக்குத் தெரியும், கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

போன முறை பேசும்போது, பூனை இருக்கிற வீட்டில் மீன் இருப்பது சரிப்படாது, மாதக் கடைசியில் என் சிநேகிதன் வந்து தொட்டியோடு எடுத்துக்கொண்டு போவான் என்றீர்கள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து வாசலில் வண்டி நின்றால் உங்கள் சிநேகிதனோ என்று எட்டி எட்டிப் பார்க்கிறேன். அதனால்தான் இங்கே நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கரியையும் வாலுவையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கரி, மழையில் நனைந்து கிடந்தது என்று என் மகள் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வந்த பூனை. வாலு அது போட்ட குட்டி. கல்யாணத்துக்குப் பிறகு கரியை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் இருந்தாள். அதற்குள் நீங்கள் அவளுக்கு மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தீர்கள். தொட்டி வந்த அன்றே எனக்குப் போன் பண்ணி, "அம்மா, கரி உன்கிட்டயே இருக்கட்டும். ரெண்டும் ஒரே வீட்ல இருந்தா நான் நிம்மதியா தூங்க மாட்டேன்" என்றாள். அவள் பிரித்து வைத்ததை நாம் ஒரே அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டோம், மாப்பிள்ளை. அவள் போன பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிற நீங்கள் தொட்டியை என்னிடம் விடாமல் வேறு என்ன செய்வீர்கள்? இரண்டும் அவள் வளர்த்தது. நான் எதைத் துரத்துவேன்?

தொட்டி இங்கே வந்த புதிதில் கரி அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாலுதான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மீன் இந்தப் பக்கம் வந்தால் அதன் தலையும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, உங்க வீட்ல டிவி பார்க்க ஆள் வந்தாச்சு என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பயந்தது போலவே ஆயிற்று. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன், தொப்பென்று சத்தம். ஓடிப் பார்த்தால் வாலு தொட்டிமேல் நிற்கிறது. அந்த பிளாஸ்டிக் மூடி ஒரு பக்கம் அமுங்கி, அதன் முன்னங்கால் தண்ணீருக்குள். மீன்களெல்லாம் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்தன. வாலுவைத் தூக்கி வெளியே விட்டுவிட்டுப் பார்க்கிறேன், தொட்டிக்குக் காற்று விடுகிற மோட்டார் வயரில் பல் பட்ட தடம் இருக்கிறது. தண்ணீர், கரண்டு, பூனைப் பல், மூன்றும் ஓர் இடத்தில். என் உயிரே என்னிடம் இல்லை.

அப்புறம் வேலைக்குப் போனாலும் மனசு வீட்டிலேயே கிடந்தது. ரொட்டிக் கம்பெனியில் நான் உறையில் போட்டு ஒட்டுகிற வேலை என்று உங்களுக்குத் தெரியும். ரொட்டி போடாமலே வெறும் உறையை ஒட்டி அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் அதைத் தூக்கிக் காட்டி, ஏம்மா, இனிமே காத்தையும் விக்கப் போறோமா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவரிடமே கெஞ்சி ஒட்டுகிற டேப் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கிளம்பும் முன் தொட்டிமேல் பலகையைப் போட்டேன். அதன்மேல் செங்கல் வைத்தேன். ஈ எறும்பு நுழைய இடமில்லாமல் சுற்றிலும் டேப் ஒட்டினேன். பூனை கடித்துக் கரண்ட் அடித்துவிடுமோ என்று மோட்டார் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். கதவைப் பூட்டும்போது அன்றைக்குத்தான் மனசு கொஞ்சம் லேசாக இருந்தது.

சாயங்காலம் வந்தால் கரி அந்தப் பலகைமேல் சுருண்டு படுத்திருக்கிறது. கீழே ஒரு சின்ன மீன் மல்லாந்து மிதக்கிறது. மற்றதெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எனக்குக் கண் இருட்டிவிட்டது. துடைப்பத்தை எடுத்துக் கரியை ஓங்கி அடித்துவிட்டேன். நான் அதை ஒரு நாளும் அடித்தவள் இல்லை. அது கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. பிறகுதான் பார்த்தேன், ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. எந்தப் பூனையும் உள்ளே போகவில்லை. காற்று போகவும் நான் வழி வைக்கவில்லை.

டேப்பைப் பிய்க்க நகம் ஏறவில்லை. பல்லால் கடித்துப் பிய்த்தேன். ஆஸ்பத்திரியில் அவளும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்படித்தான் மூச்சு வாங்கினாள். நாம் இரண்டு பேரும் இந்தப் பக்கம் நின்றோம். திறக்க யாரும் விடவில்லை. இதற்கு மேல் இதை எழுத மாட்டேன்.

பிளக்கைச் சொருகிவிட்டு மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கேட்டுவிட்டு, "பூனைக்குப் பயந்து மீன் கழுத்தை நீங்களே நெரிச்சீங்களா?" என்றார். திட்டினாலும் நல்ல மனுஷன். கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் எப்படி ஊற்றுவது, அதில் எந்த மருந்து விடுவது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார். செத்ததைப் போலவே ஒரு சின்ன மீனைப் பையில் பிடித்துக் கொடுத்து, இதைப் போட்டு வையுங்க, யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றார். கையில் வாங்கியும் விட்டேன். படி இறங்கிவிட்டு, திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். உங்களிடம் பொய்யைக் காட்டிவிட்டு மிச்ச மீனை என்னிடமே விடச் சொல்லி எப்படிக் கேட்பேன்?

மிச்சமெல்லாம் பிழைத்துவிட்டன. அவள் குண்டன் என்று கூப்பிடுவாளே, அந்தப் பெரியதும் நன்றாக இருக்கிறது. கம்பெனியில் சூடான ரொட்டியை ஆறவைக்கிற கம்பித் தட்டு ஒன்று, ஓரம் நசுங்கிப்போனது, சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கித் தொட்டியை மூடியிருக்கிறேன். பூனை ஏறி நின்றாலும் வளையாது, கால் நுழையாது, காற்று தாராளமாகப் போகும். நாலு மூலையிலும் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். பழைய ரப்பர் குழாயைக் கிழித்து வயரை அதற்குள் விட்டு மூடிவிட்டேன். தொட்டியையும் உள் அறைக்கு மாற்றி, வெளியே போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போகிறேன். கரி கொஞ்ச நாள் என் பக்கமே வரவில்லை. இப்போது வருகிறது.

இவ்வளவு செய்தும் பயம் விட்டபாடில்லை. சாயங்காலம் வந்து பூட்டில் சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் நிற்கிறேன். உள்ளே எதைப் பார்க்கப் போகிறேனோ என்று இருக்கிறது.

உங்கள் அம்மா போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் ஒரு இடம் பார்த்திருப்பதாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம்தான் சம்பந்தி என்றேன். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு என்ன வயசாகிவிட்டது? நீங்கள் நோய் நொடி இல்லாமல், குடும்பம் குழந்தை என்று நன்றாக வாழ வேண்டும். தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் போன் செய்தால் முதலில் மீனைத்தான் கேட்கிறீர்கள். பிறகுதான் என்னை. அந்த வரிசையே எனக்குப் போதும், மாப்பிள்ளை. மீனும் போய்விட்டால் எதைக் கேட்கப் போன் செய்வீர்கள்?

அதனால் கேட்கிறேன், ஆள் அனுப்ப வேண்டாம். எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் நீங்களே வாருங்கள். தொட்டியைத் தூக்க நானும் ஒரு கை பிடிக்கிறேன். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். பூனைக்குப் பயப்படுகிற பெண்ணாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் இருக்கிற வரைக்கும் கரியையும் வாலுவையும் மடியில் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

என்றும் உங்கள்
அத்தை