வலை பொத்த ஒரு கிரேக்கச் சொல்

பழவேற்காடு
18-7-1971

சிரஞ்சீவி சின்னராசுவுக்கு உன் நைனா எழுதுவது. எல்லையம்மன் புண்ணியத்தில் இங்கே உன் அம்மா சுகம், படகும் சுகம், என் வலது கை மட்டும் சுகமில்லை. படகைக் கரையேற்றும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, புத்தூர் போய்க் கட்டுப் போட்டு வந்திருக்கிறேன். இடது கையால் மூன்று நாளாக எழுதும் கடிதம் இது, உன் ஆபீசில் யாருக்கும் காட்டிவிடாதே, கிரேக்கம் என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

கல்கத்தாவில் வேதப் புத்தகம் மொழிபெயர்க்கிற பெரியவர்களோடு உட்கார்ந்து நீ எழுதிய நாலு பக்கமும் கிடைத்தது. கிரேக்கத்தில் கட்டார்டிசோ என்று ஒரு சொல்லாம், குறையில்லாமல் ஆக்குவது என்பதிலிருந்து பிறந்ததாம், முறிந்த எலும்பைச் சேர்ப்பதற்கும் அதுவேயாம். அந்தப் புத்தகத்தில் வரும் அண்ணன் தம்பி இருவர் அப்பனோடு படகில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்தினார்களா, அடுத்த முறைக்குத் தயார் செய்தார்களா என்று அங்கே இரண்டு மாதமாகச் சண்டையாம், நைனாவைக் கேட்கலாம் என்று உனக்குத் தோன்றியதாம். பெரிய மரியாதை, சந்தோஷம். பாசி எடுத்து, அலசி, கிழிந்த வலைக்கண்ணைப் பொத்தி, மடித்து வைக்கும்வரை எங்களுக்கு எல்லாம் ஒரே வேலைதான் என்று சொல். உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், நாலு பக்கம் எழுதிக்கினு இருந்த நேரத்துக்கு இங்க வந்து வலையில நாலு முடிச்சு போட்டிருக்கலாம் இல்ல, அவனுக்கு இன்னா பேஜாரு என்றாள்.

ஏரியில் வலை போடும் முறைக்குச் சீட்டுக் குலுக்கியதில் நம் பாடு ஆவணி முதல் வாரம் விழுந்திருக்கிறது. அன்றைக்கு நல்ல வலையும் இரண்டு ஆளும் இல்லாவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும், மறுபடி எப்போது வருமோ. வலையை நண்டு கடித்துக் குதறி வைத்திருக்கிறது. நம் படகில் கூட வரும் பச்சையப்பனைத் துணைக்குக் கூப்பிட்டேன், அவன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டானாம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, அம்மன் உனக்குத் துணை இருப்பாள். சென்ட்ரலில் இறங்கினால் பொன்னேரிக்கு ரயில் உண்டு, அங்கிருந்து பஸ், மறந்திருப்பாய் என்று எழுதுகிறேன். இன்னொன்று. யாரோ கூப்பிட்டதும் அந்தப் பிள்ளைகள் அப்பனைக் கூலியாட்களோடு படகில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். கொடுத்துவைத்தவன், கூலியாட்களாவது இருந்திருக்கிறார்கள். மீதி வலையை அந்த அப்பன் எப்படி முடித்தான் என்று உன் பெரியவர்களைக் கேள். அவர்களுக்கும் தெரியாது என்றால் நீ கிளம்பி வா.

ஒரு கையோடு படகில் இருக்கும்
உன் நைனா
பூவராகவன்