வாட்ச் வாருக்குள் இருந்த டிக்கெட்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நலம்.

நேற்று வேலைக்குப் போகும் ரயிலில் ஒரு கூத்து. பையைக் கவிழ்த்தும் டிக்கெட்டைக் காணோம்.

"டிக்கெட் எடுக்காம ஏறிட்டு நடிக்கிறியா?" என்றார் பரிசோதகர். பெட்டியே என்னைப் பார்த்தது.

"சத்தியமா எடுத்தேன் சார்" என்று கும்பிட்டபோதுதான் கண்ணில் பட்டது. நீங்கள் கொடுத்த வாட்சின் வாருக்குள் மடித்துச் செருகியிருக்கிறேன்! சின்ன வயதில் பஸ்ஸில் உங்கள் மணிக்கட்டில் இப்படித்தான் துருத்திக்கொண்டிருக்கும். அதைத் தொட்டுக்கொண்டே தூங்கிப்போவேன்.

"எங்கப்பா பழக்கம் சார்."

"அப்ப அவரையும் கூட்டிட்டு வர வேண்டியதுதானே?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வார் நைந்துவிட்டது. அங்கே ஒன்று வாங்கி அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் நாலு நாள் அதை உங்கள் வாட்சில் மாட்டி நீங்கள் கட்டியிருங்கள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்